பட்டியலில் இல்லாத கறி

அந்தப் பெண் அதைக் கேட்டபோது குழந்தைகள் மருத்துவர் என் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறையில் மின்விசிறி பழுதாகியிருந்தது. அந்த வாரம் முழுக்கப் பதினோரு மணியானால் என் அறைக்கு வந்துவிடுவார். ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கோப்புகளைப் புரட்டியபடி ஒரு கோப்பைத் தேநீரை அரைமணி நேரம் குடிப்பார். மருத்துவமனையில் மற்றவர்களுக்கு நான் 'டயட் மேடம்'. அந்தப் பெயரில் எப்போதும் ஒரு சின்னக் கிண்டல் கலந்திருக்கும். சோறு எவ்வளவு, குழம்பு எவ்வளவு என்று சொல்வதற்கெல்லாம் ஒரு படிப்பா என்கிற கிண்டல். அவர் ஒருவர்தான், தாய்மார்கள் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது கேட்டால், அது அவங்க துறை, அவங்க சொல்றதுதான் என்று என் அறையைக் கைகாட்டி அனுப்புவார். அந்த ஒரு மனிதரின் நல்ல அபிப்பிராயத்துக்காக நான் எவ்வளவு தூரம் போவேன் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

வந்திருந்தவள் சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கூட அவளுடைய ஆறு வயது மகள். வீட்டில் 'மிளகு' என்று கூப்பிடுகிறார்களாம், உருவத்துக்கும் காரத்துக்கும் சேர்த்து. உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் வழக்கம்போல் கேட்டதற்கு, அது கொஞ்சமும் யோசிக்காமல், "லீவு" என்றது. மருத்துவர் கோப்பையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அதற்கு ஹீமோகுளோபின் ஒன்பதரை இருந்தது. அந்த வயதுக்குப் பதினொன்றரையாவது இருக்க வேண்டும். பயப்படும்படி இல்லை, ஆனால் கவனிக்க வேண்டும். மருத்துவர் இரும்புச்சத்து மருந்து எழுதியிருந்தார். என் பங்குக்கு நான் அந்தத் தாளைக் கொடுத்தேன்.

தாள் என் கையால் தயாரானது. ரத்தம் குறைந்த குழந்தைகளுக்கான உணவுப் பட்டியல். ஆட்டு ஈரல், கோழி, மீன், முட்டை, கீரை, பயறு, பேரீச்சை, என்ன அளவு, வாரத்துக்கு எத்தனை தடவை எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான தாய்மார்கள் வாங்கியதும் நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். இவள் மடிக்கவில்லை. விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசி வரி வந்ததும் மறுபடியும் மேலே போய்த் தேடினாள். பிறகு, குரலைத் தணித்து, மருத்துவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம், இதுல பன்னிக்கறி இல்லையே. நாங்க வாரத்துல ரெண்டு நாள் செய்வோம். ஈரல் கெடச்சா இவளுக்கு ஈரல். அது குடுக்கலாம்ல?"

எனக்குப் பதில் தெரியும். ஒரு தேர்வுக்காகப் படித்து மறந்த பதில் இல்லை. கொழுப்பு நீக்கிய பன்றி இறைச்சியில் கோழிக்குச் சமமான புரதம் உண்டு. நரம்புகளுக்கும் பசிக்கும் வேண்டிய வைட்டமின் பி ஒன்று மற்ற எந்தக் கறியையும்விட அதில் அதிகம். துத்தநாகம் உண்டு. பன்றி ஈரலில் இருக்கிற இரும்பு ஆட்டு ஈரலுக்கு மேலே நிற்கும், கீழே இல்லை. நன்றாக, உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவேண்டும். உப்புக்கண்டமும் புகை போட்டதும் குழந்தைக்கு ஆகாது. ஈரலென்றால் வாரத்துக்கு ஒரு தடவை, சின்னத் துண்டு. இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

நான் மருத்துவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோப்பில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் எதுக்கு, சின்னக் குழந்தைக்கு" என்றேன். "நிறுத்திடுங்க. முட்டை குடுங்க, கீரை குடுங்க, போதும்." சொல்லும்போது என் மூக்கு லேசாகச் சுருங்கியது. அதை நான் உணர்ந்தேன். அந்தச் சுருக்கம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஆனால் அதுவரை மற்றவர்களின் முகத்தில்தான் பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்தது. சரிங்க மேடம், சரிங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துக்கொண்டு, மகளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் அப்பா பன்றி வளர்த்தவர். வளர்த்தார், அறுத்தார், விற்றார். எங்கள் வீட்டில் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்ட காகிதத்தில்கூட அந்த வாடை இருக்கும் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. ஏழாவது படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆசிரியையிடம் போய், நாற்றம் தாங்க முடியவில்லை, இடம் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டாள். அன்றைக்கு நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போயிருந்தேன். ஆசிரியை நல்லவர். யார் மனமும் புண்படாதபடி, கண் சரியாகத் தெரியாதவர்கள் முன்னால் வரட்டும் என்று சொல்லி அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். என் பக்கத்தில் அந்த வருடம் யாரும் உட்காரவில்லை. பதினெட்டு வயதில் விடுதிக்குப் போனபோது, நாங்கள் அதெல்லாம் தொடமாட்டோம் என்று அறைத் தோழிகளிடம் யாரும் கேட்காமலே சொன்னேன். அன்றிலிருந்து தொடவும் இல்லை. இருபது வருடம். அப்பாவுக்குப் பிறகு கடை அண்ணனிடம் வந்தது. அண்ணன் என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், வியாபாரம் என்பேன். என்ன வியாபாரம் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் நான் வேறு பேச்சுக்குப் போயிருப்பேன். அதில் எனக்கு நல்ல கைப்பழக்கம்.

எனக்கு மகன் பிறந்தபோது, பிரசவித்த உடம்பு, தெம்பு வேண்டும் என்று அண்ணன் இளங்கறியாகப் பார்த்து எடுத்து, வேகவைத்து, தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்தார். நான் வேலை செய்யும் அதே மருத்துவமனையில்தான் படுத்திருந்தேன். அவர் வருவதாகத் தொலைபேசியில் சொன்னதும், முன்வாசலில் கூட்டம், பின்பக்கம் வாங்கண்ணே என்றேன். பிறந்து மூன்று நாள் ஆன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணி உலர்த்தும் இடத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். அவர் போனபிறகு அது அப்படியே துணிக்கொடிக்குக் கீழே இருந்தது. யார் எடுத்தார்கள், என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மிளகு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நடந்து வரவில்லை. சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கி, தன் அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தது. ரத்தம் ஏழுக்கு வந்திருந்தது. நான்காம் வார்டில் சேர்த்தார்கள். சேர்த்த மறுநாள் காலை உணவுப் பட்டியல் எழுதப் போனபோதுதான் நான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தோல் நீலமாக, உள்ளங்கை தாள் மாதிரி வெளுத்து. என்னைப் பார்த்ததும் அதன் அம்மா எழுந்து நின்றாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். ரொட்டியும் டீயும் என்றாள். முட்டை? முட்டை சாப்பிட்டால் இவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்றாள். அதை நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. கீரை துப்பிவிடுகிறாளாம். மருந்து குடித்தால் வாந்தி, ஒரு பாட்டிலோடு விட்டுவிட்டார்கள். ஆட்டுக்கறி அவர்கள் வீட்டில் கல்யாணம் காட்சிக்குத்தான். ஆக, நான் கொடுத்த பட்டியலில் அந்தக் குழந்தைக்கு மிஞ்சியது பேரீச்சம்பழம்.

"நீங்க சொன்னதிலேர்ந்து பன்னிக்கறி வாங்கறதில்லை மேடம்" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று மேலாளரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "மார்க்கெட் பின்னால ஒரு கடை. அந்த அண்ணன் நல்ல மனுசன். ஈரல் வந்தா மிளகுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருப்பாரு. ஆஸ்பத்திரியில வேணாம்னுட்டாங்கன்னு போய்ச் சொன்னேன். யாரு சொன்னாங்கன்னு கேட்டாரு. சாப்பாட்டுக்குன்னே ஒரு மேடம் இருக்காங்கன்னேன். கொஞ்ச நேரம் கத்தியத் தொடச்சிக்கிட்டே நின்னாரு. அப்புறம், அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், கேட்டுக்கம்மான்னாரு."

நான் கையிலிருந்த அட்டையில் எதையோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று பிறகு பார்த்தபோது, மாலைக்குப் பால் என்பதையே மூன்று தடவை எழுதியிருந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் பன்றிக்கறி விற்கிற கடை ஒன்றுதான் உண்டு.

அன்று மதியம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். கடைக்கு நான் வந்து எட்டு வருடமாவது இருக்கும். வீட்டுக்குத்தான் வருடத்தில் இரண்டு தடவை போவேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிற மாதிரி. அண்ணன் வியாபாரம் முடித்துக் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். வெட்டுமரத்தின் மேல் கல்லுப்பைக் கொட்டித் தேய்த்து, வாளித் தண்ணீரை வீசி அடித்து, துடைப்பத்தால் தள்ளினார். சுவரில் வெள்ளை ஓடு பதித்திருந்தார்; ஒரு கறை இல்லை. என் மருத்துவமனைச் சமையலறை இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது, உடனே மாறியது. வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார். இல்லை என்றேன். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலை எடுத்து, அதையும் தன் தோள் துண்டால் துடைத்து, பிறகு அந்தத் துண்டையே ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போட்டார்.

இஸ்திரிக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். குழந்தை வார்டில் கிடக்கிறது என்றேன். அடடா, அந்த வாயாடியா என்றார். நான்தான் கேட்டேன், அந்த மேடம் என் தங்கச்சிதான் என்று அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று.

"உனக்குப் புடிக்காதுல்ல பாப்பா" என்றார்.

நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இல்லை அண்ணே, அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் அது அப்படித்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இருபது வருடமாக அதைத் தெரிந்துகொண்டே, ஒருவருக்கொருவர் தெரியாதது போல நடந்துவந்திருக்கிறோம். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு சந்தேகம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தொலைபேசியில் கேட்கலாமென்றால் நான் வேலையில் இருப்பேனே என்று விட்டுவிட்டாராம்.

"அந்தப் பொண்ணு வந்து சொன்னதிலேர்ந்து நம்ம சின்னவளுக்கும் குடுக்கறதில்ல. உங்க அண்ணி சத்தம் போட்டா. நான்தான், படிச்ச புள்ள சொல்லுது, ஏதோ இருக்கும்னு நிறுத்திட்டேன். கடைக்கு வர்றவங்க கிட்டயும் சொல்லிடறது, பெரியவங்க சாப்பிடுங்க, புள்ளைங்களுக்கு வேணாம்னு. கறி நல்ல கறிதான். ஆனா நமக்கு என்ன தெரியும் உள்ள என்ன இருக்குன்னு. அது என்ன பாப்பா, கொழந்தைங்களுக்கு எதுல கெடுதல் அது?"

விற்கிறவர், தன் கடைக்கு வந்தவர்களிடம் தானே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டு. நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பி. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கெடுதல் எதுவும் இல்லை என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பில் பாடம் நடத்துவது போல, புரதம், துத்தநாகம், பி ஒன்று என்று வரிசையாக. வளருகிற பிள்ளைகளுக்கு அது எதற்கெல்லாம் வேண்டும் என்று. பெரியவர்கள் கொழுப்பைக் கழித்துவிட்டுச் சாப்பிட வேண்டும், உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, நீங்கள் தோல்பகுதியைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்கு நன்றாக வெந்த மெலிந்த கறி, ஈரல் வாரத்துக்கு ஒரு துண்டு. அவர் கையைக் கட்டிக்கொண்டு, ஓடு பதித்த சுவரோரம் நின்று, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நாற்பத்தைந்து வயது வரை தான் கையால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பொருளின் உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று முதல்முறையாக யாரோ அவரிடம் சொல்கிறார்கள். அவர் முகத்தில் ஒரு பெருமை மெல்ல வந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

"அப்ப நாம தின்னு வளந்ததெல்லாம் நல்லதுதானா" என்று கேட்டார்.

"நல்லதுதாண்ணே."

"அப்புறம் ஏன் பாப்பா வேணாம்னு சொன்ன?"

பொய் ஒன்று தயாராக நாக்கில் வந்து நின்றது. அந்தக் குழந்தைக்கு அப்போது வயிறு சரியில்லை என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். நான் சொல்கிற எதையும் நம்பிவிடுவார். "டாக்டர் பக்கத்துல இருந்தாரு" என்றேன்.

"அவரு ஏதும் சொன்னாரா?"

"இல்ல."

அவர் தரையில் வடிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு, சாப்பிட்டுட்டுப் போறியா, அண்ணி ரசம் வெச்சிருப்பா, வேற ஒண்ணும் இல்ல என்றார். அந்த 'வேற ஒண்ணும் இல்ல' எனக்காகச் சேர்த்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். தெருமுனை வரை வந்து வழியனுப்புகிறவர், அன்றைக்குக் கடை வாசலோடு நின்றுகொண்டார்.

மறுநாள் காலை மருத்துவரின் அறைக்குப் போனேன். அவருடைய மின்விசிறி எப்போதோ சரியாகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அண்ணன் யார் என்பதையும் சொன்னேன். பதினொரு வருடத்தில் அந்த மருத்துவமனையில் ஒருவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல்தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் குழந்தைக்கு இந்த ஒன்றால்தான் இவ்வளவும் வந்தது என்று சொல்லமுடியாது, காய்ச்சல், வாந்தி, சளி எல்லாம் இருக்கிறது என்றார். அதெல்லாம் எனக்கும் தெரியும் என்றேன். பிறகு, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"பன்றிக்கறியில என்னங்க இருக்கு? நல்லா வேகணும், அவ்வளவுதானே. உங்க தாள்ல இல்லைங்கறதையே நான் கவனிக்கலையே."

அவர் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு அந்தப் பெண் கேட்டதும் நான் சொன்னதும் அவர் காதில் விழுந்ததாகக்கூட அவருக்கு நினைவில்லை. யாருடைய முகச்சுளிப்புக்குப் பயந்து நான் அதைச் சொன்னேனோ, அப்படி ஒரு முகச்சுளிப்பு அந்த அறையில் என்னுடையதைத் தவிர வேறு இருக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூட வெளியே வருவது எளிதாக இருந்திருக்கும்.

தாளைத் திருத்தி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தட்டச்சு செய்கிறவர் புது வரியைப் படித்துவிட்டு, இதை எங்கே போடுவது மேடம், கடைசியிலேயே போட்டுவிடவா என்று கேட்டார். ஆட்டு ஈரலுக்கு அடுத்து என்றேன். அவர் தட்டினார். அடுத்தது நான்காம் வார்டு. இஸ்திரிக்காரப் பெண் இரவெல்லாம் மகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் சொன்னது தவறு, நீங்கள் கொடுத்துவந்தது நல்ல உணவு, மறுபடியும் கொடுக்கலாம் என்றேன். ஏன் தவறாகச் சொன்னேன் என்பதையும் சொல்லத்தான் போனேன். அந்தக் கடைக்காரர் என் சொந்த அண்ணன் என்பது வரை வந்தேன். அதற்குமேல் அவள் கேட்க விரும்பவில்லை என்று தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் மரியாதை என்று ஒன்று இதுவரை இருந்தது என்பதே, அது போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு மாசம் அழுதா மேடம், அது வேணும்னு" என்றாள். "அது அழுக்கு, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். கேக்கல. அடிச்சேன். வாயிலயே அடிச்சேன்." தன் தழும்புக் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். "இப்ப அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, மூச்சிரைப்பு அடங்கி மிளகு எழுந்து உட்கார ஆரம்பித்தபோது, மதியம் அதன் அம்மா ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். அண்ணன் தன் கடையில் எடுத்து வைத்திருந்த ஈரல். வெங்காயம் போட்டு, விரலால் நசுங்குகிற பதத்தில் வேகவைத்திருந்தாள். வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். சாப்பாட்டு நேரம், எல்லாக் கட்டிலிலும் அம்மாக்கள் இருந்தார்கள். டப்பாவைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில்காரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். மிளகு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தது. அதன் மூக்குத் துவாரம் விரிந்தது. ஒரு கணம் ஆசை அந்த முகத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். அடுத்த கணம் அது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

அழுக்கு என்று சொன்னது, கைக்குள்ளிருந்து. அழுக்கு இல்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அம்மா மேல் தப்பில்லை என்று நான் கட்டிலோரம் குனிந்து சொன்னேன். அது நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும். அதன் அம்மா ஈரல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எனக்கு உதவியாக ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நீங்க சாப்பிடுவீங்களா என்று மிளகு கேட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். இருபது வருடம் கழித்து. நான் நினைத்திருந்தது போல ஒன்றும் நடக்கவில்லை, குமட்டவில்லை. அந்த மாவுப்பதமும், லேசான இரும்புக் கசப்பும், கடைசியில் வருகிற இனிப்பும் என்னைக் கேட்காமலே நாக்குக்கு அடையாளம் தெரிந்தது. எச்சில் ஊறியது. அடுத்த கட்டிலில் கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ யாரிடமோ மெல்லிய குரலில், டயட் மேடம் என்றார்கள். நான் மென்றுகொண்டிருந்தேன்.

"ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு சாப்பிடறீங்க?" என்று கேட்டது மிளகு.

அப்போதுதான் பார்த்தேன், என் முகத்துக்கு நேரே சுவர் இருந்தது. பன்னிரண்டு கட்டில்களுக்கும் முதுகைக் காட்டி, ஒரு மூலைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். எப்போது அப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. எழுந்து ஸ்டூலைத் திருப்பினேன். அதன் இரும்புக் கால் சிமெண்டுத் தரையில் கீச்சென்று இழுபட, வார்டு முழுக்க ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. அத்தனை முகங்களுக்கு நேராக உட்கார்ந்து, மென்றேன். மிளகு வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. விரல் இடுக்கு வழியாக, கண் கொட்டாமல் என் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், தழும்பேறிய ஒரு கை அடுத்த துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது.